பெயர் சொல்லாத 28 இலட்சம் பேர்



சில மாதங்களுக்கு முன் நம் பங்கு இல்லத்துக்கு ஒரு முதிய தாய் வந்தார். முதியோர் உதவித்தொகை வேண்டி அவர் கொடுத்த விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டதாம். குடும்ப அட்டையில் ஒரு பெயர். வாக்காளர் அட்டையில் வேறொரு பெயர். வங்கிப் புத்தகத்தில் மூன்றாவதாக இன்னொரு பெயர். இவற்றுள் எது சரி என்பதற்குச் சான்று கொண்டுவரும்படி சொல்லியனுப்பியிருந்தனர். நாம் திருமுழுக்குப் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "உங்கள் பெயர் என்ன, அம்மா?" என்று கேட்டோம். அவர் சற்றுத் தயங்கினார். பிறகு, "பெரியவனோட அம்மான்னு போடுங்க, சாமி. ஊரிலே எல்லாருக்கும் தெரியும்" என்றார்.

நமக்குச் சிரிப்பு வந்தது. ஆயினும் அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை. அறுபது ஆண்டுகளாக அவர் இன்னாருடைய மனைவி. பிறகு இன்னாருடைய தாய். இப்போது இன்னாருடைய பாட்டி. பதிவேட்டின் பழுப்பேறிய பக்கமொன்றில் அவருடைய பெயரைக் கண்டுபிடித்து உரக்கப் படித்தோம். "அந்தப் பேரைச் சொல்லி எங்க அப்பா கூப்பிட்டதோட சரி, சாமி" என்றார்.

இந்நிகழ்ச்சி நம் நாட்டின் முதற் பொதுத்தேர்தலில் நடந்த ஒரு செய்தியை நமக்கு நினைவூட்டியது. பள்ளிப் புத்தகங்களில் அதிகமாக இடம்பெறாத செய்தி அது. நம் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தியும்கூட.

சொத்துள்ளவனுக்கே வாக்கு

இன்று பதினெட்டு வயது நிரம்பிய குடிமக்கள் யாவருக்கும் வாக்கு உண்டு என்பதை நாம் இயல்பாக எடுத்துக்கொள்கிறோம். ஆங்கிலேயர் ஆட்சியில் நிலைமை அவ்வாறு இல்லை. நிலம், வரி, கல்வி ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றில் தகுதி பெற்றவருக்கே அன்று வாக்குரிமை இருந்தது. அத்தகுதியுள்ள பெண்களும் வாக்களிக்கலாம் என்று முதன்முதலில் வழி திறந்தது நம் சென்னை மாகாணமே, ஆண்டு 1921. 1917-இல் அடையாற்றில் தோன்றிய இந்திய மாதர் சங்கம் இதற்காக அயராது உழைத்தது.

1935-ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் இவ்வுரிமையை இன்னும் சிறிது விரிவாக்கியது. அச்சட்டப்படி சொத்துள்ள ஒருவரின் மனைவி என்ற தகுதியிலும் பெண்கள் வாக்குப் பெற்றனர். அதாவது, வாக்கு அவர் கைக்கு வந்தது, தகுதியோ கணவருடையது. அப்போதும் வயது வந்தோரில் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கே வாக்கு இருந்தது.

1950 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பு இந்த நிபந்தனைகளையெல்லாம் ஒரே வீச்சில் நீக்கிற்று. 326-ஆம் பிரிவின்படி, இருபத்தொரு வயது நிரம்பிய ஒவ்வொரு குடிமகனுக்கும் குடிமகளுக்கும் வாக்குரிமை கிடைத்தது. மதம், இனம், சாதி, பால் என்ற காரணங்களால் எவரையும் பட்டியலிலிருந்து விலக்கலாகாது என்று 325-ஆம் பிரிவு கூறியது. சுவிட்சர்லாந்து நாட்டுப் பெண்கள் தங்கள் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமையை 1971-இல்தான் பெற்றனர் என்பதை எண்ணிப் பார்த்தால், நம் முன்னோர் எடுத்த முடிவின் துணிவு விளங்கும். 1951-ஆம் ஆண்டின் கணக்கெடுப்புப்படி நம் மக்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர்; பெண்களிலோ நூற்றுக்கு ஒன்பது பேர்.

பட்டியலில் விழுந்த பள்ளம்

வாக்குரிமையை ஒரு வரியில் எழுதிவிடலாம். வாக்காளரின் பெயரையோ வீடு வீடாகச் சென்றுதான் எழுத வேண்டும். அந்தப் பணி, அரசியலமைப்பு நிறைவேறுவதற்கு முன்பே, 1948-இல் தொடங்கிவிட்டது. தேசப் பிரிவினையால் வீடிழந்து வந்தவர்களையும் சேர்க்க வேண்டியிருந்தது. 1950 மார்ச்சில் முதல் தலைமைத் தேர்தல் ஆணையராகப் பொறுப்பேற்றவர் சுகுமார் சென். வங்காளத்தைச் சேர்ந்தவர், கணிதம் பயின்றவர், மேற்கு வங்க அரசின் தலைமைச் செயலாளராக இருந்தவர். ஏறத்தாழ 17 கோடியே 30 இலட்சம் வாக்காளர்களைக் கொண்ட பட்டியல் அவர் பொறுப்பில் வந்தது.

அந்தப் பட்டியலைச் சரிபார்த்தபோது ஒரு பெரும் பள்ளம் தெரிந்தது. பீகார், உத்தரப் பிரதேசம், இராஜஸ்தான், மத்திய பாரத், விந்தியப் பிரதேசம் ஆகிய பகுதிகளில் இலட்சக்கணக்கான பெண்களின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பெயர் இல்லை. 'இன்னாருடைய மனைவி', 'இன்னாருடைய தாய்', 'இன்னாருடைய மகள்' என்று மட்டுமே எழுதப்பட்டிருந்தது. காரணம் எளியது. பெயர் எழுத வந்தவர்கள் முன்பின் அறியாத ஆண்கள். அந்நிய ஆடவரிடம் தன் பெயரைச் சொல்வது ஒரு குடும்பப் பெண்ணுக்கு அழகன்று என்பது அப்பகுதிகளின் வழக்கம். முக்காட்டுக்குள்ளிருந்து பதில் வந்ததே பெரிது, பெயர் வரவில்லை.

வடநாட்டாரைப் பார்த்து நாம் நகைக்க வேண்டியதில்லை. நம் ஊர்களில் மனைவி கணவன் பெயரைச் சொல்லமாட்டாள். கணவரின் பெயர் என்ன என்று கேட்டால், சுவரில் மாட்டியிருக்கும் சூசையப்பர் படத்தைச் சுட்டிக்காட்டிய தாய்மாரை நாமே அறிவோம்.

தேர்தல் ஆணையம் என்ன செய்வது? 'இன்னாருடைய மனைவி' என்பதை அப்படியே ஏற்றுக்கொண்டால் தேர்தல் தடையின்றி நடந்துவிடும். ஆனால் வாக்குச் சாவடியில் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு யார் வந்தாலும் அவர் இவர்தாமா என்று எப்படி அறிவது? இதைவிட ஆழமான காரணமும் இருந்தது. வாக்கு என்பது மனைவிக்கோ தாய்க்கோ கொடுக்கப்பட்டதன்று; குடிமகளுக்குக் கொடுக்கப்பட்டது. குடிமகளுக்கு ஒரு பெயர் இருந்தாக வேண்டும்.

ஆகவே, தன் பெயரைச் சொல்பவரே பட்டியலில் இடம்பெறுவார் என்று ஆணையம் உறுதியாக நின்றது. பெயர்களைத் திருத்திக்கொடுக்கக் கூடுதல் அவகாசம் அளித்தது. பீகாரில் ஒரு மாதம் நீட்டித்தார்கள். அங்கே பலர் முன்வந்து பெயர் கொடுத்தனர். இராஜஸ்தானில் அவ்வளவு பயன் விளையவில்லை. முடிவில், நாட்டிலிருந்த ஏறத்தாழ 8 கோடிப் பெண் வாக்காளருள் 28 இலட்சம் பேர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டனர். அவர்கள் குற்றம் செய்தவர்கள் அல்லர். வேற்று நாட்டாரும் அல்லர். பெயர் சொல்லாதவர்கள், அவ்வளவே.

இதனால் நாட்டில் கூச்சல் எழுந்தது. சுகுமார் சென் அதை நல்லதென்றே கருதினார். இந்த இழப்பு உறைத்தால்தான் அடுத்த தேர்தலுக்குள் அந்த வழக்கம் மறையும் என்பது அவர் எண்ணம். இது கண்டிப்பான முடிவுதான். அவர்கள் பக்கம் இன்னும் சிறிது இரக்கம் காட்டியிருக்கலாமே என்று நமக்கும் தோன்றுகிறது. எனினும், பெயரில்லாமலேயே சேர்த்திருந்தால், அவர்கள் இன்னும் எத்தனை ஆண்டுகள் பெயரில்லாமலேயே இருந்திருப்பார்கள்?

பெட்டியும் சின்னமும் மையும்

தேர்தல் 1951 அக்டோபர் 25 அன்று இமாசலப் பிரதேசத்தின் சினி வட்டத்தில் தொடங்கியது. பனி பெய்து மலைப்பாதைகள் அடைபடுமுன் அங்கே முடித்துவிட வேண்டும் என்பதற்காக இந்த அவசரம். மற்றப் பகுதிகளில் 1952 பிப்ரவரி வரை வாக்குப்பதிவு நடந்தது. 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட இரும்புப் பெட்டிகள் செய்யப்பட்டன. அன்று ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு தனிப்பெட்டி. பெட்டியின்மேல் அவருடைய சின்னம். எழுத்தறியாத வாக்காளர் தமக்கு வேண்டிய சின்னமுள்ள பெட்டியில் சீட்டைப் போட்டால் போதும். சீட்டிலேயே முத்திரையிடும் முறை 1962 பொதுத்தேர்தலில் பரவலாகியது. மின்னணு இயந்திரம் 2004-இல் எல்லாத் தொகுதிகளுக்கும் வந்தது.

ஒருவரே இருமுறை வாக்களிக்காதவாறு விரலில் அழியா மை வைக்கும் வழக்கமும் முதற் தேர்தலிலேயே தோன்றியதுதான். அந்த மையில் வெள்ளி நைட்ரேட்டு உள்ளது. தோலில் பட்டு வெளிச்சம் படும்போது அது கறுத்துவிடும், சோப்புக்கு அசையாது. 1962 முதல் மைசூரிலுள்ள கருநாடக அரசின் வண்ணத் தொழிற்சாலை இந்த மையைச் செய்து வருகிறது.

27,000-க்கும் மேற்பட்ட வாக்குச் சாவடிகள் பெண்களுக்கென்றே ஒதுக்கப்பட்டன. பட்டியலில் இருந்தவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பத்தைந்து பேர் வாக்களித்தனர். 1957 தேர்தலின்போது வாக்காளர் தொகை 19 கோடியைத் தாண்டியது.

பெயர் சேர்ந்தாலும் பெண்களின் கால்கள் சாவடிக்கு வரச் சற்றுக் காலம் பிடித்தது. 1962-இல் ஆண்களில் நூற்றுக்கு 63 பேர் வாக்களிக்க, பெண்களில் 47 பேரே வாக்களித்தனர். 2019 பொதுத்தேர்தலில் இந்த இடைவெளி முற்றிலும் மறைந்தது, ஆண்கள் 67.01 விழுக்காடு, பெண்கள் 67.18 விழுக்காடு. 2024-இலும் பெண்களே சிறிது முந்தி நின்றனர். முக்காட்டுக்குள்ளிருந்து பெயர் சொல்லத் தயங்கிய பாட்டிமாரின் பேத்திகள் இவர்கள்.

நம் வீட்டில் விடுபட்டவர் யார்?

பழங்கதை முடிந்தது என்று எண்ணிவிட வேண்டாம். பட்டியலில் விடுபட்டுப் போகும் பெண்கள் இன்றும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். திருமணமாகிச் செல்லும் பெண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்த வீட்டில், 'அவள்தான் போய்விட்டாளே' என்று பெயரை எடுத்துவிடுகிறார்கள். புகுந்த வீட்டில், 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று சேர்க்காமல் விட்டுவிடுகிறார்கள். இரண்டு ஊர்களுக்கும் நடுவே அந்தப் பெண் காணாமற்போகிறாள். மணவிழாவுக்குச் செய்யும் ஆயிரம் வேலைகளில் இந்த ஒரு வேலைக்கு இடமில்லையா?

வாக்காளர் அட்டை கையில் இருக்கிறதே என்று சிலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அட்டை நாம் இன்னார் என்று காட்டுவதற்கே. வாக்களிக்கும் உரிமை பட்டியலில் பெயர் இருப்பதைப் பொறுத்தது. அட்டையை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்று, பெயரில்லை என்று திரும்பிய பலரை ஒவ்வொரு தேர்தலிலும் பார்க்கிறோம். தேர்தல் நாளன்று எழும் அந்தக் கோபத்தில் பாதியையாவது பட்டியல் திருத்தும் காலத்தில் காட்டினால் பயன் உண்டு.

வாக்குரிமை வயது 1989-இல் இருபத்தொன்றிலிருந்து பதினெட்டாகக் குறைக்கப்பட்டது. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஆகிய மாதங்களின் முதல் நாள் எதிலேனும் பதினெட்டு வயது நிரம்பியிருந்தால் பெயர் சேர்க்கலாம் என்பது 2022 முதல் உள்ள ஏற்பாடு. பதினேழு வயது முடிந்தவர்கள் முன்கூட்டியே விண்ணப்பமும் கொடுத்து வைக்கலாம். புதிதாகச் சேர 6-ஆம் எண் படிவம். எழுத்துப் பிழை திருத்தவும், வீடு மாறியதைத் தெரிவிக்கவும் 8-ஆம் எண் படிவம். உங்கள் பகுதிக்குரிய வாக்குச் சாவடி அலுவலரிடம் கேட்டால் வழி சொல்வார்.

பிழைகளைச் சிறியவை என்று தள்ளாதீர்கள். ஒரே ஓர் எழுத்து மாறியதற்காக அந்த முதிய தாயின் விண்ணப்பம் எத்தனை மேசைகளைச் சுற்றி வந்தது என்பதை நாம் கண்ணாரக் கண்டோம். பதிவேட்டிலுள்ளபடி சான்று எழுதிக்கொடுத்தோம். எல்லா அட்டைகளிலும் அதே பெயரை எழுதும்படி திருத்தப் படிவங்கள் போயிருக்கின்றன. உதவித்தொகை இன்னும் வந்து சேரவில்லை. சென்ற ஞாயிறன்று கோவில் வாசலில் நம்மைக் கண்ட அவர், "என் பேரை எழுதியாச்சா, சாமி?" என்று கேட்டார். 'பெரியவனோட அம்மா பேரை' என்று அவர் சொல்லவில்லை.

இம்மாதம் நம் குடும்பங்களில் ஒரு சிறு வேலை செய்வோம். மாலையில் எல்லாரும் கூடியிருக்கும் வேளையில், பாட்டி முதல் புதிதாக வந்த மருமகள் வரை, வீட்டிலுள்ள ஒவ்வொரு பெண்ணின் முழுப்பெயரையும் பிள்ளைகள் ஒரு தாளில் எழுதட்டும். பின்பு அந்தத் தாளையும் வாக்காளர் பட்டியலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பாட்டியின் பெயர் தெரியாத பேரன் பேத்திகள் அவரிடமே கேட்டு எழுதட்டும்.