குருகுஹ முத்திரையும் எட்டயபுரத்து ஏடும்

திருவேங்கடத்திலிருந்து தென்கிழக்காகக் கோவில்பட்டியைக் கடந்து எட்டயபுரம் போகிறவருக்குச் சாலையின் இருமருங்கும் கரிசல் நிலமேயன்றி வேறொன்றும் கண்ணில் படாது. ஆயினும், கர்நாடக சங்கீதத்துக்குக் காவிரிக் கரை செய்த உபகாரங்களோடு ஒருங்கே வைத்து எண்ணத்தக்க ஓர் உபகாரத்தை, ஆற்றுப் பாசனம் அறியாத இந்த வானம்பார்த்த சீமை செய்திருக்கிறது என்பதை இங்கே பிறந்து இங்கேயே வாழ்கிற நம்மில் எத்தனை பேர் நினைத்துப் பார்க்கிறோம்? முத்துஸ்வாமி தீட்சிதர் 1835-ஆம் ஆண்டு தீபாவளி நன்னாளில் எட்டயபுரத்தில் சித்தியடைந்தார் என்பது பலருக்குத் தெரியும். அவர் மறைந்து ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்குப் பின்னர், 1904-இல், அதே ஊரின் வித்யாவிலாசினி அச்சுக்கூடத்திலிருந்து வெளிவந்த ‘சங்கீத ஸம்பிரதாய பிரதர்சினி’ என்னும் மகா கிரந்தம் இல்லாதிருந்தால், அவருடைய கீர்த்தனங்களில் பெரும்பகுதி நமக்கு எந்த உருவில் வந்து சேர்ந்திருக்கும், வந்தே சேர்ந்திருக்குமா என்பதைச் சொல்வது கடினம்.

அதை இயற்றியவர் சுப்பராம தீட்சிதர். முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பியும் எட்டயபுரம் சமஸ்தான வித்வானும், மேனாட்டுப் பிடிலைக் கர்நாடக சங்கீதத்துக்குப் பழக்கியவர்களில் முதல்வருமாகிய பாலுஸ்வாமி தீட்சிதரின் மகள் வயிற்றுப் பேரர். பின்னர் அவருக்கே சுவீகார புத்திரரானவர். குலதனமாகக் காக்கப்பட்ட வித்தையை அச்சில் ஏற்றி ஊரறியச் செய்வதற்கு அக்காலத்து வித்வான்களின் மனம் எளிதில் இணங்குவதில்லை. சின்னஸ்வாமி முதலியார் என்னும் கிறிஸ்தவப் பெரியார், நம் சங்கீதத்தை ஐரோப்பிய ஸ்வர எழுத்தில் பதிப்பிக்கும் பெருமுயற்சியை 1893-இல் தொடங்கித் தம் பொருளையும் கண்பார்வையையும் அதற்கே அர்ப்பணித்தவர். அவருடைய வேண்டுகோளும், எட்டயபுரம் மன்னரின் ஆதரவும் கூடியதனால்தான் இந்நூல் உருப்பெற்றது. இரண்டு பாகங்களாக ஏறத்தாழ 1,700 பக்கம், தெலுங்கு லிபியில். நூல் வெளிவந்து இரண்டு ஆண்டுகளில், 1906-இல், சுப்பராம தீட்சிதர் காலமானபோது, அதே ஊரில் பிறந்த சுப்பிரமணிய பாரதி அவருக்காக இரங்கற்பா பாடினார் என்பதைக்கொண்டே அம்மனிதரின் பெருமையை உணரலாம்.

இந்நூலின் ஒரு பக்கத்தைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். ஸ்வர எழுத்துகளின் தலைமேல் சிறு சிறு குறிகள் அணிவகுத்திருக்கின்றன. நெளியும் கோடு வந்தால் கம்பிதம். மேல்நோக்கிச் சாய்ந்த கோடு ஏற்ற ஜாரு, கீழ்நோக்கியது இறக்க ஜாரு. பெருக்கல் குறி போன்றது ஒதுக்கல். இவையன்றி நொக்கு, ரவை, கண்டிப்பு, வளி, ஓரிகை என்று ஒவ்வொரு கமகத்துக்கும் ஒவ்வொரு அடையாளம். இவை வாய்ப்பாட்டை மட்டும் கருதி வகுக்கப்பட்டவை அல்ல. ஜாரு என்றால் விரல் தந்தியை விட்டு எழாமல் ஒரு மெட்டிலிருந்து மற்றொரு மெட்டுக்கு வழுக்கிச் செல்வது; ஒதுக்கல் என்றால் ஒரே மெட்டின்மேல் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து, மேல் ஸ்வரத்தை வருவிப்பது. வீணையைத் தொட்டவனுக்கு இக்குறிகளைக் கண்டவுடன் இடக்கை விரல்கள் தாமே அசையத் தொடங்கும். முத்துஸ்வாமி தீட்சிதர் வைணிகர்; அவருடைய கீர்த்தனங்களின் நிதானமும் நீண்ட இழைப்பும் வீணையின் மெட்டுகள்மேல் பிறந்தவை; அந்தக் கையின் நடையையே காகிதத்தில் பிடித்துவைக்க முயன்ற நூல் இது.

இதே காரியம் கடல் கடந்த நாடுகளிலும் நடந்திருக்கிறது. நம் வீணைக்குத் தூரத்து உறவு என்று சொல்லத்தக்க லூட் என்னும் தந்தி வாத்தியம் ஐரோப்பாவில் ஒரு காலத்தில் அரசவைகளை ஆண்டது. ஜெர்மனியின் டிரெஸ்டன் அரண்மனையில் அதை வாசித்து, இசையாசிரியர் பாக் மறைந்த அதே 1750-இல் மறைந்த சில்வியஸ் லியோபோல்ட் வைஸ் என்னும் மேதையின் படைப்புகள் பெரும்பாலும் கையெழுத்துச் சுவடிகளாகவே நின்றன. அவற்றுள் பெருந்தொகுதிகள் இரண்டு இன்று லண்டனிலும் டிரெஸ்டனிலும் இருக்கின்றன. அந்தச் சுவடிகள் ஸ்வரத்தை எழுதுவதில்லை. ஆறு கோடு கிழித்து, எந்தத் தந்தியில் எந்த மெட்டில் விரல் வைக்க வேண்டும் என்பதை எழுத்துகளால் குறிக்கின்றன. எழுதியவர் பெயரின்றிக் கிடக்கும் லூட் சுவடிகள் அங்கே ஏராளம். அவற்றை ஒப்புநோக்கி, இது இன்னாருடையது, இது ஐயத்துக்குரியது, இது பிறருடையது என்று பிரித்து வைப்பதையே ஆயுட்கால உழைப்பாகக் கொண்ட அறிஞர்கள் அங்கே இருக்கிறார்கள். நம்மிடத்தில் குறைவது அதுவே.

பிரதர்சினியில் முத்துஸ்வாமி தீட்சிதருடையனவாகக் காணப்படும் கீர்த்தனங்கள் 229. இன்று அவர் பெயரால் வழங்குபவையோ நானூற்றுக்கும் மேல். இந்த இடைவெளி எவ்வாறு நிரம்பிற்று? சுப்பராம தீட்சிதரின் புதல்வர் அம்பி தீட்சிதர் சென்னைக்குச் சென்று பலருக்குப் பாடம் சொன்னார், டி.கே. பட்டம்மாளும் நீதிபதி டி.எல். வெங்கடராம ஐயரும் அவரிடம் கற்றவர்கள். நம் பக்கத்துக் கல்லிடைக்குறிச்சியைச் சேர்ந்த வேதாந்த பாகவதரும் அனந்தகிருஷ்ண ஐயரும் அந்தப் பரம்பரையினரே. அதே ஊர் சுந்தரம் ஐயர், தமக்குக் கிடைத்த தீட்சிதர் கீர்த்தனங்களை ‘தீட்சித கீர்த்தன மாலை’ என்று பல பாகங்களாக வெளியிட்டார். பிரதர்சினியில் காணப்படாத கீர்த்தனங்கள் பலவும் உலகறிய வந்தது இவ்வழியாகத்தான். தாமிரபரணிக் கரைக்கும் கரிசற் சீமைக்கும் நாடு கடன்பட்டிருக்கிறது என்று நான் சொல்வது இதனாலேயே.

ஆனால், கடன்பட்டவனுக்குக் கணக்கு வேண்டும். நவக்கிரக கீர்த்தனங்களை எடுத்துக்கொள்வோம். சூரியன் முதல் சனி வரை ஏழு கீர்த்தனங்களும் எட்டயபுரத்து நூலில் உள்ளன; ராகு, கேது பேரில் இன்று பாடப்படும் இரண்டும் அதில் இல்லை; பிற்காலப் பதிப்பிலேயே அவை வெளிப்படுகின்றன. நூலில் இல்லாமை ஒன்றே சான்றாகிவிடாது என்பது உண்மை; எழுபது ஆண்டு இடைவெளியில் சுப்பராம தீட்சிதருக்கே கிடைக்காமற்போனவை இருந்திருக்கலாம். எனினும் கீர்த்தனங்களின் உள்ளமைப்பும் இங்கே வாய் திறந்து பேசுகிறது. சூரியனுக்குத் துருவ தாளம், சந்திரனுக்கு மட்டியம், அங்காரகனுக்கு ரூபகம், புதனுக்கு ஜம்பை, வியாழனுக்குத் திரிபுடை, சுக்கிரனுக்கு அட, சனிக்கு ஏகம் என்று, வாரத்தின் ஏழு நாளுக்கும் ஸூளாதி ஸப்த தாளங்களையும் வரிசை பிறழாமல் வைத்து, ஒரு சிற்பியின் கணக்கோடு இயற்றிய கர்த்தா, ஏழோடு அந்த வட்டம் முற்றுப்பெறுவதை அறிந்தே இயற்றியிருக்கிறார். ராகுவும் கேதுவும் இரண்டுமே ரூபக தாளத்தில் அமைந்து அந்த வட்டத்துக்கு வெளியே நிற்கின்றன. அவை பிறர் கைவண்ணம் என்பதே என் துணிபு. மாறுபட்டுக் கருதும் வித்வான்கள் உண்டு. அவர்கள் தங்கள் ஆதாரத்தைச் சொன்னால் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறோம். இரண்டு கட்சியையும் பிள்ளைகளுக்குச் சொல்லாமல், ஒன்பதும் தீட்சிதருடையவை என்று மேடையிலும் புத்தகத்திலும் அறிவித்துவிடுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அவ்விரண்டிலும் தீட்சிதரின் பெயர்க்குறியான ‘குருகுஹ’ முத்திரை இருக்கிறதே என்பார்கள். முத்திரை ஒரு சொல். அதைச் சேர்க்கத் தெரிந்தவர் எவரும் சேர்க்கலாம். பக்தியினால் குருவின் பெயரில் தன்னை மறைத்துக்கொண்ட சிஷ்யனும் சேர்க்கலாம். ஐரோப்பாவில் இது கண்முன் நடந்திருக்கிறது. சென்ற நூற்றாண்டில் மெக்ஸிகோ தேசத்து மானுவேல் போன்ஸே என்பவர் புதிதாக இயற்றிய ஓர் இசைத்தொகுதியை, கிட்டார் மேதை செகோவியா, மேலே சொன்ன வைஸின் படைப்பென்று மேடையேற்றி இசைத்தட்டிலும் பதித்தார். ரசிகர் உலகம் நெடுங்காலம் நம்பிற்று. ருஷ்யாவில் விளாதிமிர் வவிலோவ் 1970-இல் லூட் இசைத்தட்டு ஒன்றை வெளியிட்டு, தாமே இயற்றியவற்றைப் பழங்காலத்து ஆசிரியர்கள் பெயரில் ஏற்றினார். அதில் பெயரறியாதவர் இயற்றியதென்று அவர் குறித்த ‘ஆவே மரியா’, அவர் மறைந்த பிறகு கச்சீனி என்னும் பழைய இத்தாலிய ஆசிரியரின் பெயரை ஏற்று, இன்றும் அப்பெயராலேயே உலகெங்கும் பாடப்படுகிறது. பாட்டு இனிமையானதுதான். அதை உண்மையில் இயற்றிய மனிதனின் பெயரோ வாழ்த்துவாரின்றிப் போயிற்று.

ஐயத்துக்கு எதிரான உதாரணமும் நம்மிடமே இருப்பதைச் சொல்லிவிட வேண்டும். மேனாட்டு மெட்டுகளுக்குத் தீட்சிதர் வடமொழிச் சாகித்யம் அமைத்தார் என்று சொல்லப்படும் நோட்டுஸ்வரங்களை, அவ்வளவு கம்பீரமான வாக்கேயகாரர் இப்படியும் செய்திருப்பாரா என்று சந்தேகிப்பவர் உண்டு. ஆங்கிலேய மன்னரின் வாழ்த்துப் பாட்டு மெட்டிலேயே அவற்றில் ஒன்று அமைந்திருப்பதை அவர்களால் பொறுக்க முடியவில்லை. ஆனால் தெலுங்கு மொழிக்குத் தொண்டு செய்த சி.பி. பிரவுன் சேகரித்த 1833-ஆம் ஆண்டுச் சுவடி ஒன்றில் இவற்றிற் பல எழுதப்பட்டிருக்கின்றன. அப்போது தீட்சிதர் உயிரோடிருந்தார். ஒரு பழைய சுவடி இவ்வாறு எத்தனை வாதங்களைத் தீர்த்துவைக்கிறது!

பிரதர்சினியையும் விசாரணைக்கு அப்பாற்பட்டதாக வைப்பது முறையாகாது. பண்டை இசையிலக்கண ஆசிரியர் வேங்கடமகியின் பெயரால் அது தரும் லக்ஷண கீதங்களில் காணும் கனகாம்பரி முதலான மேளப் பெயர்கள், அவருடைய ‘சதுர்தண்டி பிரகாசிகை’யில் இல்லாதவை, ஆகையால் அக்கீதங்கள் அவர் வம்சத்தில் பின்னர் வந்த முத்து வேங்கடமகியினுடையவையாக இருத்தல் கூடும் என்று ஆராய்ச்சியாளர் கொள்கிறார்கள். சுப்பராம தீட்சிதர் தம் குலத்தில் கேட்டதைக் கேட்டவாறே எழுதினார். அதனால் அவர் பெருமைக்கு ஒரு குறையும் நேராது. தஞ்சை சரஸ்வதி மகால் நூலகத்தில் அந்தப் பழைய காலத்துக் கீதங்களும் தாயங்களும் ஸ்வரப்படுத்தப்பட்ட சுவடிகளாகவே காத்திருக்கின்றன. லூட் இசை ஐரோப்பாவில் கொழித்த அதே காலத்து வீணை மரபு அது. நம் கச்சேரிகளில் அதன் ஒலியைக் கேட்பது அபூர்வத்திலும் அபூர்வம்.

ஒலிப்பதிவுக்கு வருவோம். வீணை தனம்மாள் 1930-களில் தந்த இசைத்தட்டுகள், பக்கத்துக்கு மூன்று நிமிடம் சில விநாடியே ஓடினாலும், ஏட்டிலுள்ள கமகக் குறிகளுக்கு உயிர் கொடுத்துக் காட்டும் சாட்சியங்கள். அவர் சாத்தனூர் பஞ்சநத ஐயரிடம் தீட்சிதர் கீர்த்தனங்களைப் பாடம் செய்தவர் என்பதை நாம் அறிவதால், அத்தட்டுகளுக்கு ஒரு சரித்திர மதிப்பும் சேருகிறது. அனந்தகிருஷ்ண ஐயரிடம் பாடம் கேட்ட கல்பகம் சுவாமிநாதனின் வீணைக்கும் அவ்வாறே. இன்று கைப்பேசியில் நொடிக்குள் வந்து விழும் ஆயிரம் பதிவுகளிலோ, பாடியவர் பெயரும் பக்கவாத்தியக்காரர் பெயரும் இருக்கும். பாடாந்தரம் எவருடையது, ஏடு எது என்ற குறிப்பு பெரும்பாலும் இராது. அரை ஏக்கர் கரிசலை வாங்குவதற்கு மூலப்பத்திரமும் வில்லங்கமும் பார்க்கிற ஜனங்கள் நாம்.

திருவேங்கடத்திலிருந்து தெற்கே தெரியும் கழுகுமலையின் முருகன்மேல் ‘சுப்ரமண்யேன ரக்ஷிதோஹம்’ என்னும் கீர்த்தனம் தீட்சிதர் பெயரால் வழங்குகிறது. நம் பிள்ளைகள் அதை ஆசையோடு பாடுகிறார்கள்; பாடட்டும். பாடம் சொல்லும் ஆசிரியர், இது பிரதர்சினிப் பாடமா, கல்லிடைக்குறிச்சிப் பதிப்பா, தம் குருவின் வாய்மொழியா என்பதை ஒரு வரி எழுதிக்கொடுத்தால் போதும். அதே கழுகுமலைக்குக் காவடிச்சிந்து பாடிய சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார், இளவயதிலேயே மறைந்தும், பெயர் மறையாமல் நிற்கிறார் என்றால், அச்சுப் புத்தகம் அவர் பெயரைத் தாங்கி நின்றதும் அதற்கொரு காரணம் அல்லவா?

சென்னை சங்கீத வித்வத் சபை 1961 முதல் ஐந்து பாகங்களாக வெளியிட்ட பிரதர்சினியின் தமிழ்ப் பதிப்பு, தென்காசி, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் பொது நூலகம் ஒவ்வொன்றிலும் எடுத்துப் படிக்கும்படி இருக்க வேண்டும். நவக்கிரக கீர்த்தனங்களை ஒருசேரப் பதிவு செய்கிறவர்கள், ஏழுக்கு ஓர் ஆதாரமும் இரண்டுக்கு வேறோர் ஆதாரமும் அட்டையில் அச்சிட வேண்டும். பாட்டிமார் பெட்டியில், பெருங்காய வாசத்தோடு, தெலுங்கிலும் கிரந்தத்திலும் தமிழிலும் எழுதிய ஸ்வர நோட்டுகள் இந்த ஊர்களின் பழைய வீடுகளில் இன்னும் இருக்கக்கூடும். அவற்றை வைத்திருப்பவர்கள் எடைக்குப் போடாமல், பக்கம் பக்கமாகப் படமெடுத்து, எழுதியவர் யார், எந்த ஊர், யாரிடம் பாடம், ஏறத்தாழ எந்த ஆண்டு என்னும் நான்கு விவரத்தையும் முதல் ஏட்டில் குறித்து, அருகிலுள்ள நூலகத்திலோ இசைக் கல்லூரியிலோ ஒரு பிரதியைச் சேர்ப்பிக்க வேண்டும். அசல் வீட்டிலேயே இருக்கட்டும்.