விசுவாசத்துக்கு வாதம் ஆகாதா?

"வாதம் பண்ணி ஒருவரையும் இரட்சிப்புக்குள் கொண்டுவர முடியாது." கன்வென்ஷன் பந்தலிலும் வாலிபர் கூட்டத்திலும் உபவாச ஜெபத்திலும் இந்த வாக்கியம் தவறாமல் வந்துவிடுகிறது. பிரசங்கியார் சொல்லிவிட்டுச் சற்று நிறுத்துவார். பந்தல் முழுக்க ஆமென் எழும். கடவுள் உண்டா, அற்புதம் நடக்குமா, உயிர்த்தெழுதலுக்கு என்ன சாட்சி என்று கேட்டவர் அதோடு வாயை மூடிக்கொள்ள வேண்டும். பல வருஷமாக இது என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. சபைக்கு வெளியே நின்று இதைச் சொல்லவில்லை. ஞாயிறுதோறும் அதே பலகையில் உட்காருகிற விசுவாசியாகவே சொல்கிறேன்: இந்த வாக்கியம் வேதத்தின்படியும் தவறு, நடந்த வரலாற்றின்படியும் தவறு.

முதலில் வேதம். இரண்டாம் தீமோத்தேயு 2:23ஐ எடுத்துப் போடுவார்கள். சண்டையைக் கிளப்புகிற வீண் தர்க்கங்களுக்கு விலகி இருக்கச் சொல்கிறது அந்த வசனம். அடுத்த இரண்டு வசனங்களை ஏன் வாசிப்பதில்லை? எதிர்த்துப் பேசுகிறவர்களோடு சண்டையிடாமல், பொறுமையும் சாந்தமுமாக அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்று அங்கேதான் இருக்கிறது. பேச்சு எப்படி இருக்க வேண்டும் என்று பவுல் சொல்லிக்கொடுக்கும் இடம் அது. பேசாதே என்று அவர் எழுதவே இல்லை. முதலாம் பேதுரு 3:15 இன்னும் நேரடியானது. உன் நம்பிக்கைக்குக் காரணம் கேட்கிற எவருக்கும் பதில் சொல்ல ஆயத்தமாக இரு, அதைச் சாந்தத்தோடு செய் என்கிறது.

"பவுல் அத்தேனேயில் தத்துவம் பேசித் தோற்றார், அதனால்தான் கொரிந்துவுக்குப் போனதும் சிலுவையை மட்டுமே பேசத் தீர்மானித்தார்" என்பது இவர்களுக்கு மிகவும் பிடித்த விளக்கம். அப்போஸ்தலர் 17ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். சந்தைவெளியில் எதிர்ப்பட்டவர்களோடு தினந்தோறும் பேசுகிறார். எபிக்கூரரும் ஸ்தோயிக்கரும் அவரை வம்பளப்பவன் என்று இகழ்ந்தும்கூட மார்ஸ் மேடைக்குப் போய் நிற்கிறார். அதிகாரம் முடிவதற்குள் அந்த மேடையின் நியாயாதிபதிகளில் ஒருவரான தியொனீசியு, தாமரி என்ற பெண், இன்னும் சிலர் விசுவாசிகளாகிவிடுகிறார்கள். இது தோல்வியா? கொரிந்துவிலும் ஓய்வுநாள்தோறும் ஜெபஆலயத்தில் பேசித்தான் ஆள் சேர்த்தார். அதற்கடுத்து எபேசுவில் திறன்னு என்பவருடைய வித்தியாசாலையில் இரண்டு வருஷம் தினமும் சம்பாஷணை நடத்தினார் என்று 19ஆம் அதிகாரம் சொல்கிறது. அத்தேனேயில் தோற்றுப்போன முறையை ஒருவர் எபேசுவில் இரண்டு வருஷம் நடத்திக்கொண்டிருப்பாரா?

அடுத்து, "மனமாற்றம் பரிசுத்த ஆவியின் கிரியை, மனித வாதத்தின் கிரியை அல்ல" என்பார்கள். ஆவியின் கிரியை என்பதை நானும் விசுவாசிக்கிறேன். ஆனால் அந்த ஆவியானவர் ஒரு பாட்டைப் பயன்படுத்துவார், ஒரு சாட்சியைப் பயன்படுத்துவார், ஒரு வியாதியைக்கூடப் பயன்படுத்துவார், நியாயமான வாதத்தை மட்டும் கையில் எடுக்கவே மாட்டார் என்று யார் தீர்மானித்தது?

சி. எஸ். லூயிஸின் பெயரைச் சொல்லாத வாலிபர் முகாம் இன்று இல்லை. நாத்திகராயிருந்து கிறிஸ்துவிடம் வந்தவர் என்று அவரை அறிமுகப்படுத்துகிறார்கள். எப்படி வந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா? 1931 செப்டம்பர் 19 இரவு ஆக்ஸ்ஃபோர்டில், தன் கல்லூரியை ஒட்டிய அடிசன் நடைபாதையில், நண்பர்களான டோல்கீனோடும் ஹியூகோ டைசனோடும் அவர் வாதாடிக்கொண்டே நடந்தார். கடவுளை அதற்குள் ஒப்புக்கொண்டிருந்தார், கிறிஸ்து கதையை மட்டும் அழகான புராணங்களில் ஒன்றாக வைத்திருந்தார். புராணங்களை இவ்வளவு நேசிக்கிற நீ, அவற்றில் ஒன்று உண்மையிலேயே நடந்திருந்தால் என்ன செய்வாய் என்ற பக்கமாக டோல்கீன் அவரை நெருக்கினார். பேச்சு பின்னிரவைத் தாண்டிப் போயிற்று. அந்த மாதம் முடிவதற்குள் லூயிஸ் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டார். எந்த மேடையில் "வாதத்தால் யாரும் மாறியதில்லை" என்று சொல்கிறார்களோ, அதே மேடையில் லூயிஸை மேற்கோள் காட்டவும் செய்கிறார்கள். இரண்டில் ஒன்றை அவர்கள் கைவிட்டாக வேண்டும்.

மாறினாரா, மாறவில்லையா என்று தலை எண்ணுவதே தவறான கணக்கு என்பதுதான் இதைவிடப் பெரிய விஷயம். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

1942 முதல் ஆக்ஸ்ஃபோர்டில் சாக்ரட்டீஸ் மன்றம் என்று ஒன்று நடந்தது. ஸ்டெல்லா ஆல்ட்விங்கிள் என்ற ஊழியக்காரப் பெண்மணி தொடங்கியது. லூயிஸ் 1954 வரை அதன் தலைவர். கல்லூரி நடக்கும் வாரங்களில் திங்கட்கிழமை மாலை கூடுவார்கள். ஒருவர் கட்டுரை வாசிப்பார், எதிர்த்தரப்பில் ஒருவர் மறுப்புச் சொல்வார், பிறகு வந்திருக்கிற எவரும் பேசலாம். நடத்தியவர்கள் கிறிஸ்தவர்கள்தான், அதை மறைக்கவும் இல்லை. நாங்கள் நடுநிலையாளர்கள் அல்ல, ஆனால் வாதம் என்று தொடங்கிவிட்டால் அது யார் பக்கமும் சாயாது என்ற கருத்தில் மன்றத்தின் முதல் இதழில் லூயிஸ் எழுதினார். வலுவான எதிராளி வேண்டும் என்பதற்காகப் பிரமுகர் பட்டியல் புத்தகத்தைப் புரட்டி நாத்திகர்களைத் தேடி அழைத்ததையும் அதில் சொல்லியிருக்கிறார். நம் கூட்டங்களில் மறுப்பாளர் எப்போதும் பிரசங்கியார் சொல்லும் கதையில்தான் வருவார். இரண்டு கேள்வி கேட்பார், மூன்றாவதுக்கு வாயடைத்துப் போவார். அங்கே அவர் நேரில் வந்து உட்கார்ந்தார், அவருக்கும் அதே அளவு நேரம் கிடைத்தது.

1948 பிப்ரவரி 2 அன்று அந்த மன்றத்தில் லூயிஸே கூண்டில் நின்றார். முந்தைய ஆண்டு 'அற்புதங்கள்' என்ற நூலை வெளியிட்டிருந்தார். அதன் மூன்றாம் அதிகாரத்தின் சாரம் இது: இயற்கைக்கு அப்பால் ஒன்றுமே இல்லை என்றால் நம் சிந்தனையும் பகுத்தறிவற்ற காரணங்களால் விளைந்ததாகிவிடும். அப்படி விளைந்த எந்தச் சிந்தனையையும் நம்புவதற்கில்லை. ஆகவே இயற்கைவாதம் தன்னையே பொய்யாக்கிக்கொள்கிறது. நாத்திகத்தை வீழ்த்தும் கடைசி அஸ்திரம் இது என்று வாசகர்கள் பலர் நம்பியிருந்த நேரம். மறுத்துப் பேச எழுந்தவர் எலிசபெத் ஆன்ஸ்கம். வயது 28. சாமர்வில் கல்லூரியின் ஆய்வாளர், தத்துவ அறிஞர் விட்கென்ஸ்டைனின் மாணவி. நாத்திகர் அல்ல, தீவிரமான கத்தோலிக்கர்.

தன் தரப்பு ஆள், தன் தரப்புப் புத்தகம் என்று அவர் விட்டுக்கொடுக்கவில்லை. பகுத்தறிவுக்கு விரோதமான காரணத்தையும், பகுத்தறிவோடு சம்பந்தமே இல்லாத காரணத்தையும் நீங்கள் ஒன்றாகக் கலந்துவிட்டீர்கள் என்றார். ஆத்திரத்தாலோ சுயலாபத்தாலோ ஒருவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தால் அதைச் சந்தேகிக்கலாம். மூளையில் நரம்புகள் இயங்கியதால் வந்த முடிவு என்பதற்காக மட்டும் எதையும் சந்தேகிக்க முடியாது. ஒருவர் அதை ஏன் நம்பினார் என்பது ஒரு கேள்வி. அதற்கு அவர் தரும் ஆதாரம் செல்லுமா என்பது வேறொரு கேள்வி. முதல் கேள்விக்கு எந்தப் பதில் வந்தாலும் இரண்டாவது கேள்வி தீராது.

அன்று லூயிஸ் நொறுங்கிப்போனார், அதனால்தான் விசுவாச வாதங்களை விட்டுவிட்டுக் குழந்தைக் கதைகளுக்குப் போனார் என்று ஒரு கதை உலவுகிறது. 'பார், வாதத்துக்குப் போனால் இப்படித்தான் ஆகும்' என்று எச்சரிக்க அதை இவர்கள் பயன்படுத்துகிறார்கள். நடந்தது வேறு. 1950இல் மன்றத்துக்குப் பேச்சாளர்களைப் பரிந்துரைத்து எழுதிய கடிதத்தில் லூயிஸ் ஆன்ஸ்கமின் பெயரைச் சொன்னார். தன் வாதத்தை அழித்தவரே இனி நல்ல வாதத்தைத் தரட்டும் என்பது அவர் எண்ணம். 1960இல் அந்த நூலின் மறுபதிப்பு வந்தபோது மூன்றாம் அதிகாரத்துக்குத் தலைப்பையே மாற்றி, ஆன்ஸ்கம் காட்டிய வேறுபாட்டை ஏற்றுத் திருத்தி எழுதியிருந்தார். 1981இல் ஆன்ஸ்கம் அந்த மாலையை நினைவுகூர்ந்தார். பலர் சொல்வதுபோல அது பயங்கரமான அனுபவமாகத் தனக்கு நினைவில்லை, குறிப்பிட்ட சில விமர்சனங்களைப் பற்றிய நிதானமான விவாதமாகத்தான் இருந்தது என்றார். அதிகாரத்தைத் திருத்தி எழுதியதில் லூயிஸின் நேர்மையும் அக்கறையும் தெரிகின்றன என்றும் பதிவு செய்தார்.

மரியாதையான விவாதம் என்று நான் சொல்வது இதைத்தான். எதிரே இருப்பவரின் சொல்லைத் தடவிக்கொடுத்துவிட்டுக் கைகுலுக்கிப் பிரிவதை யாரும் மரியாதை என்று நினைக்க வேண்டாம். அவர் சொன்னதை வரிவரியாக வாசித்து, எலும்பு எங்கே இணைகிறதோ அங்கே அடிப்பது மரியாதை. அடிபட்டவர் பழியைத் தூக்கிக்கொண்டு அலையாமல் தன் அதிகாரத்தைத் திருத்தி எழுதுவது அதைவிடப் பெரிய மரியாதை. அந்த மாலையில் ஒருவர்கூட மதம் மாறவில்லை, யாரும் பீடத்தை நோக்கி நடந்து வரவில்லை. ஆனால் கிறிஸ்தவத்துக்காகச் சொல்லப்பட்டுவந்த ஒரு பலவீனமான வாதம் போய், சற்றுப் பலமான வாதம் வந்தது. சபைக்கு இது ஆதாயம் இல்லையா?

ஆன்ஸ்கம் பேசிய அந்த மாலைக்கு ஐந்து நாள் முன்பு, ஜனவரி 28 அன்று, பிபிசி வானொலியில் தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸலும் இயேசு சபைக் குரு பிரெடரிக் காப்பிள்ஸ்டனும் கடவுள் இருப்பைப் பற்றி விவாதித்தார்கள். 'நான் ஏன் கிறிஸ்தவன் அல்ல' என்று 1927இலேயே முழங்கியவர் ரஸ்ஸல். கடவுள் என்றால் எதைக் குறிக்கிறோம் என்று முதலில் இருவரும் ஒத்துக்கொண்டார்கள். கடவுள் இல்லை என்று நிரூபிக்க முடியும் என்பது என் நிலை அல்ல என்று ரஸ்ஸல் தெளிவுபடுத்தினார். உலகம் முழுவதற்கும் ஒரு காரணம் உண்டா என்று கேட்பதில் அர்த்தம் உண்டா என்ற இடத்தில் இருவரும் பிரிந்தார்கள். சதுரங்கப் பலகை முன் உட்காரவே மறுப்பவரை யாராலும் தோற்கடிக்க முடியாது என்று காப்பிள்ஸ்டன் சொன்னதுதான் அந்த உரையாடலில் விழுந்த கடுமையான அடி. எங்கே பிரிகிறோம் என்று அத்தனை துல்லியமாகக் காட்டியதால்தான் தத்துவ மாணவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள்.

பகுத்தறிவு பேசுகிற நண்பர்களும் இதே வாக்கியத்தைத் திருப்பிப் போட்டு வைத்திருக்கிறார்கள்: நம்புகிறவனோடு பேசிப் பயனில்லை. நாத்திகத் தத்துவ அறிஞர் ஆன்டனி ஃப்ளூ அப்படி நினைக்கவில்லை. மெதடிஸ்ட் போதகரின் மகன், பதினைந்து வயதில் நம்பிக்கையை இழந்தவர். எது நடந்தால் உங்கள் கடவுள் நம்பிக்கை பொய் என்று ஒப்புக்கொள்வீர்கள் என்ற கேள்வியை 1950இல் அவர் வாசித்தது லூயிஸின் அதே சாக்ரட்டீஸ் மன்றத்தில். விசுவாசத்துக்கு எதிராக அந்த நூற்றாண்டில் எழுந்த மிகக் கடினமான கேள்விகளில் ஒன்றுக்கு விசுவாசிகளே மேடை கொடுத்தார்கள். அதற்குப் பதில் எழுதியவர்களில் ஒருவரான பேசில் மிட்செல் லூயிஸுக்குப் பின் மன்றத் தலைவரானார். 1985இல் ஃப்ளூ கேரி ஹேபர்மாஸ் என்ற கிறிஸ்தவ அறிஞரோடு உயிர்த்தெழுதலைப் பற்றி வாதாடினார். அதற்குப் பின்னும் இருவரும் நண்பர்களாகவே இருந்தார்கள். 2004இல், எண்பது தாண்டிய வயதில், உலகத்துக்குப் பின்னால் ஓர் அறிவு இருக்கிறது என்று தான் இப்போது நினைப்பதாக ஃப்ளூ பேட்டி கொடுத்தது அந்த ஹேபர்மாஸிடம்தான். கிறிஸ்துவை அவர் ஏற்கவில்லை, மரணத்துக்குப் பின் வாழ்வையும் ஏற்கவில்லை. ஆதாரம் போகும் இடத்துக்கெல்லாம் நானும் போவேன் என்று வாழ்ந்த மனிதர் அவர். எதிர்த்தரப்பில் அவரோடு பேச ஆள் இருந்ததால்தான் அப்படி வாழ முடிந்தது.

வாதம் பெருமையை வளர்க்கும் என்கிறார்கள். பிரசங்கமும் வளர்க்கும். மேடை விவாதம் கூத்தாகிவிடுகிறது என்கிறார்கள். சில கூத்துகள்தான், அவற்றுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை.

கடைசியாக ஒன்று மிச்சம் இருக்கிறது. பெற்றோர்களை மடக்குவது அதுதான்: "இளம் பிள்ளைகளின் விசுவாசம் ஆட்டம் காணும். அவர்கள் முன்னால் இதெல்லாம் வேண்டாம்." சாக்ரட்டீஸ் மன்றம் எப்படிப் பிறந்தது என்று பாருங்கள். 1941 கடைசியில் சாமர்வில் கல்லூரி மாணவி மோனிகா ஷார்ட்டன், பின்னாளில் அணில்களைப் பற்றிய ஆராய்ச்சியால் பெயர் பெற்றவர், ஆல்ட்விங்கிளிடம் ஒரு குறையைச் சொன்னார். கடவுள் இருக்கிறாரா என்பது போன்ற உண்மையான சந்தேகங்களைப் பேச இங்கே ஒருவரும் தயாராக இல்லை, எல்லாவற்றையும் முடிந்த விஷயமாக வைத்துக்கொண்டே பேசுகிறார்கள் என்பது அந்தக் குறை. அந்தப் பெண்ணின் மனத்தை ஆட்டிக்கொண்டிருந்தது விவாதம் அல்ல, விவாதம் இல்லாமைதான். ஆல்ட்விங்கிள் அவரை ஜெபக் குழுவுக்கு அனுப்பிவைத்துக் கடமையை முடித்துக்கொள்ளவில்லை. நாத்திகர்கள், கடவுளைப் பற்றித் தெரியாது என்பவர்கள், மதத்தில் ஏமாற்றம் அடைந்தவர்கள் அனைவரும் வரலாம் என்று கல்லூரியில் அறிவிப்புப் போட்டார். வந்தார்கள், கேட்டார்கள். அடுத்த கூட்டங்களுக்குத் தலைமை தாங்க ஆல்ட்விங்கிள் லூயிஸைக் கேட்டார், அவரும் சம்மதித்தார்.