அத்தை கேட்ட படம்



பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது வீட்டில் என்னென்ன கழிப்பீர்கள்? பிய்ந்து போன பாய், கைப்பிடி இல்லாத வாணலி, விளிம்பு உடைந்த முறம். நானும் அப்படித்தான் கழித்தேன். கல்யாணமாகி, வில்லாபுரம் ஹவுசிங் போர்டு வீட்டுக்குக் குடிவந்த புதிது. ஊரிலிருந்து வந்த டிரங்குப் பெட்டியில் சட்டம் போட்ட பழைய போட்டோ ஒன்று இருந்தது. பின்பலகையைக் கரையான் தின்றிருந்தது. படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு, பூஞ்சை பூத்துக் கிடந்தது. பந்தலின் கீழே யார் யாரோ பத்துப் பதினைந்து பேர். எனக்கு ஒருவரையும் தெரியாது.

‘கண்ணாடியாவது ஆகுமே’ என்று தண்ணீரில் ஊறவைத்துச் சுரண்டினேன், சகோதரிகளே. கழுவித் துடைத்து முருகன் படத்துக்குப் போட்டேன். சிக்கனமாகக் குடும்பம் நடத்துகிறோம் என்று பெருமை வேறு!

இரண்டு வருஷம் கழித்து அத்தை எங்களோடு இருக்க வந்தார்கள். ஒரு நாள் அந்தப் பெட்டியைத் திறந்து துழாவிக்கொண்டிருந்தார்கள்.

“ஏத்தா, இதுல ஒரு போட்டா இருக்குமே, கல்யாணப் பந்தல் போட்டா?”

நான் உண்மையைச் சொல்லிவிட்டேன். அத்தை திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

“போகட்டும், நீ என்னத்தக் கண்ட? அதுல எங்கக்கா இருந்துச்சு. அது ஒண்ணுலதான் இருந்துச்சு.”

அத்தையின் அக்கா தலைப்பிரசவத்தில் இறந்து போனவர். வயது பத்தொன்பது. வேறு படமே கிடையாது. சுரண்டிய என் கையை நான் எத்தனை முறை பார்த்துக்கொண்டேன் என்று எனக்குத்தான் தெரியும்.

இத்தனை காலம் கழித்து இதை எழுத வைத்தவள் என் மகள். போன மாதம் செல்போனை நீட்டி, “அம்மா, இது எந்த இடம், சொல்லு பாப்போம்” என்றாள். பழுப்பு நிறத்தில் ஒரு படம். இடிந்த கட்டடம், பிரம்மாண்டமான தூண்கள், மேலே புல்லும் புதரும். பார்த்துக்கொண்டே இருந்தபோது சட்டென்று பிடிபட்டது. நம்ம திருமலை நாயக்கர் மஹால்!

எடுத்தவர் லின்னேயஸ் டிரைப் என்ற வெள்ளைக்கார ராணுவ அதிகாரி. இங்கிலாந்தில் டெவன் மாவட்டத்து டெவன்போர்ட் ஊர்க்காரர். சென்னை மாகாண அரசு அவரைப் புகைப்படக்காரராக நியமித்தது. திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டை என்று சுற்றியவர் 1858-ல் மதுரைக்கும் வந்தார். மாட்டு வண்டியில் பெட்டி பெட்டியாகச் சாமான்கள். காமிரா இன்று போல் கைக்கு அடக்கம் இல்லை. மெழுகு ஏற்றிய காகிதம்தான் அவருக்கு நெகடிவ். அதுவே ஒரு அடிக்கு மேல் நீளம். எடுக்கும் படம் அதே அளவில்தான் வரும்.

புதுமண்டபத்துத் தூண்கள், தெப்பக்குளம், கூடலழகர் கோயில், மீனாட்சியம்மன் கோயில் நகைகள், வைகையின் குறுக்கே கிடந்த பழைய தரைப்பாலம் எல்லாம் அவர் படங்களில் இருக்கின்றன. நாம் தினமும் நடக்கிற ஏ.வி. மேம்பாலம் 1889-ல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முப்பது வருஷம் முந்திய வைகை அது. நம் விளக்குத்தூணும் இருக்கிறது. மதுரையின் கோட்டைச் சுவரை இடித்து ஊரை விரிவாக்கிய கலெக்டர் பிளாக்பர்ன் நினைவாக வைத்தது அது. கோட்டை போன இடத்தில் வந்தவைதான் இன்றைய வெளி வீதிகள். ஜவுளி எடுக்கப் போகிறபோது விளக்குத்தூணில் இறங்குகிறோம். அது எதற்காக நிற்கிறது என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

மஹால் படத்தைப் பாருங்கள். திருமலை நாயக்கர் 1636-ல் கட்டிய அரண்மனையில் இன்று மிஞ்சியிருப்பது ஒரு பகுதிதான். அதுவும் 1858-ல் பாழடைந்து கிடந்தது. 1866-லிருந்து 1872 வரை கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு காலத்தில்தான் பழுது பார்த்தார்கள். பழுது பார்க்கும் முன் எப்படி இருந்தது என்பதற்கு இந்தப் படங்கள் சாட்சி.

டிரைப்புக்கு அந்த வேலை நிலைக்கவில்லை. கவர்னர் டிரெவெல்யன், ‘இவ்வளவு செலவா?’ என்று புகைப்படப் பிரிவையே மூடிவிட்டார். வீண் செலவு என்று ஒருவர் நினைத்த அந்தப் படங்களைத்தான் இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்!

சனத்தைக் காணோமே?

எண்பத்து நாலு வயது அத்தைக்கு மகள் ஒவ்வொரு படமாகக் காட்டினாள். அத்தை கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்கள். கோபுரத்தைக் கண்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பிறகு கேட்டார்களே ஒரு கேள்வி!

“ஏம்மா, அம்புட்டுப் பெரிய ஊர்ல சனத்தையே காணோமே? எல்லாரும் எங்கிட்டுப் போனாக?”

மகள் விளக்கினாள். அந்தக் காலத்துக் காகித நெகடிவில் படம் பதிய நிமிஷக் கணக்கில் ஆகும். அசையாமல் நிற்கிற கட்டடம் பதியும். நடந்து போகிற ஆள் பதியமாட்டார்; பதிந்தாலும் புகை மாதிரித் தெரிவார். தவிர, அவர் எடுக்க வந்ததே பெரும்பாலும் கட்டடங்களைத்தான்.

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “அப்ப, சும்மா நின்னவுக இருக்காக. வேலை செஞ்சவுக யாரும் இல்ல” என்றார்கள்.

சுருக்கென்று தைத்தது எனக்கு. வைகையில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுத்தவள், புதுமண்டபத்து வாசலில் பூக்கட்டியவள், இடுப்பில் பிள்ளையோடு சந்தைக்கு நடந்தவள், எல்லோரும் அந்தக் காமிராவுக்கு முன்னால் போயிருப்பார்கள். ஒருத்தியும் பதியவில்லை. நூற்றறுபது வருஷத்துக்கு முந்திய மதுரையின் தூண்களை எண்ணிவிடலாம். ஒரு அடுப்பங்கரை எப்படி இருந்தது என்று அந்தப் படங்களில் பார்க்க முடியாது.

இங்கிலாந்திலேயே இந்தக் குறை சிலருக்கு உறைத்திருக்கிறது. அங்கே வார்விக்‌ஷயர் என்று ஒரு மாவட்டம். 1890 வாக்கில் அந்தப் பகுதியில் புகைப்படம் எடுப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் கூடி, ‘நம் மாவட்டத்தை நாமே எடுத்து வைப்போம்’ என்று கிளம்பினார்கள். பழைய வீடுகள், தெருக்கள், மாதா கோயில்கள் என்று ஊர் ஊராகப் போய் எடுத்துப் பொது நூலகத்தில் சேர்த்தார்கள். அதில் பங்கெடுத்த பெஞ்சமின் ஸ்டோன் என்ற பாராளுமன்ற உறுப்பினர் 1897-ல் நாடு முழுவதற்கும் இதே வேலையைத் தொடங்கினார். கிராமத்துத் திருவிழாக்களையும் வழக்கங்களையும் தேடித் தேடிப் படம் பிடித்தார். ‘இது என்ன பெரிய விஷயம்’ என்று அன்று தோன்றிய தெருக்கள் பல இன்று அங்கே இல்லை. படங்கள் இருக்கின்றன.

நம் பக்கம் அந்த வேலையைத் தெரியாமலே செய்தவை ஸ்டுடியோக்கள். நினைவிருக்கிறதா? திரையில் வரைந்த மாடிப்படி, பூந்தொட்டி, முக்காலி. புதுமணத் தம்பதி விறைப்பாக நிற்பார்கள். பெரிய மனுஷியான பெண்ணுக்குப் பூ ஜடை தைத்து, பின்னால் கண்ணாடி வைத்து, முகமும் ஜடையும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி எடுப்பார்கள். குழந்தைக்குக் கிருஷ்ணர் கொண்டை. கல்லூரிக்குப் போன அண்ணனுக்கு இரவல் கோட்டு. பாண்டிச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டின் பல ஊர் ஸ்டுடியோக்களில் மிஞ்சிய இப்படிப்பட்ட படங்களைத் தேடிப் பிரதி எடுத்து வைத்திருக்கிறது. படித்தவர்கள் ஊர் ஊராக அலைந்து தேடுகிற பொருள் நம் பரணில் கிடக்கிறது. நாம் அதைச் சுரண்டிக் கண்ணாடி எடுக்கிறோம்! (‘நாம்’ என்று உங்களையும் ஏன் சேர்க்கிறேன்? நான்தான்.)

நம் வீட்டுப் படத்தில் மாமாவும் அத்தையும் மட்டுமா இருக்கிறார்கள்? பின்னால் தெரிகிற ஓட்டு வீடு, திண்ணை, பித்தளை அண்டா, அந்தக் காலத்து ரவிக்கைக் கை, காதில் கிடக்கிற பாம்படம் எல்லாம் சேர்ந்துதான் படம். “தெற்குவாசல் தாண்டினா அங்கிட்டெல்லாம் வயக்காடு. இங்க நின்னா கோபுரம் தெரியும்” என்று அத்தை சொல்லும்போது என் மகள் நம்புவதில்லை. இன்று பாலத்தை விட்டு இறங்கினால் கடையும் வீடுமாக அல்லவா இருக்கிறது! யாராவது ஒரு வீட்டு மொட்டை மாடியில், துணி காய்கிற கொடிக்குப் பின்னால், அந்த வயல் ஒரு படத்தில் பதிந்திருக்கலாம் இல்லையா?

எப்படிப் பத்திரப்படுத்துவது?

பட்ட பிறகு கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். உங்களுக்காவது உதவட்டும்.

கண்ணாடியோடு ஒட்டிய படத்தைப் பிய்க்காதீர்கள். தண்ணீர் காட்டவே காட்டாதீர்கள். கண்ணாடியோடு சேர்த்தே பிரதி எடுத்துவிடலாம். சற்றுச் சாய்வாக வைத்து, விளக்கின் பளபளப்பு விழாமல் எடுக்க வேண்டும்.

வீட்டிலேயே செல்போனில் எடுப்பதென்றால், பகலில் நிழலான திண்ணையில் வைத்து எடுங்கள். பிளாஷ் வேண்டாம். படத்துக்கு நேர் மேலே போனைப் பிடியுங்கள். முன்பக்கம் மட்டும் போதாது, பின்பக்கத்தையும் எடுங்கள். ஸ்டுடியோ முத்திரையும் தேதியும் அங்கேதான் இருக்கும்.

ஒட்டும் பசைத் தாள் வைத்த ஆல்பங்கள் ஒரு காலத்தில் நாகரிகமாக வந்தன. அந்தப் பசை நாளடைவில் படத்தை மஞ்சளாக்கிவிடும். எளிதில் வருகிற படங்களை மெதுவாக எடுத்துக் காகித உறையில் போடுங்கள். வராததை வலிந்து இழுக்காமல் பக்கத்தோடு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். கிழிந்த படத்துக்கு செல்லோடேப் ஒட்டுவதும் கூடாது.

பரண், குளியலறைச் சுவர், அடுப்புப் புகை, நேர் வெயில் இவை நாலும் படத்துக்கு எமன். ஸ்டீல் பீரோவின் நடுத்தட்டு நல்ல இடம். மழைக்காலம் முடிந்ததும் ஒரு முறை எடுத்துப் பாருங்கள். உலர்ந்த மெல்லிய துணியால் தூசு தட்டினால் போதும்.

கடைசியாகச் சொல்வதுதான் முக்கியம். பின்பக்கம் பெயர் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா வேண்டாம்; மை ஊறும், அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும். மெத்தென்ற பென்சிலால், படத்தைக் கவிழ்த்து வைத்து, அழுத்தாமல் ஓரமாக எழுதுங்கள். ‘அம்மா’, ‘பெரியம்மா’ என்று எழுதினால் யாருடைய அம்மா என்று பேத்திக்குத் தெரியாது. முழுப் பெயர், ஊர், வருஷம். பிரசவத்துக்கு முன்பா, வீடு மாறிய பிறகா என்று சொல்லத் தெரிந்தால் அதையும் எழுதுங்கள்.

இதைத் தள்ளிப்போடாதீர்கள். படம் போனாலும் இன்னொரு வீட்டில் பிரதி கிடைக்கலாம். பெயர் தெரிந்தவர் போய்விட்டால் பிரதி கிடையாது.

எங்களுக்குப் பிரதி கிடைத்தது. மகள் உறவுக்காரர்கள் அத்தனை பேருக்கும் செய்தி அனுப்பினாள். செல்லூரில் ஒரு தூரத்துச் சொந்தத்தின் வீட்டில் அதே கல்யாணத்தில் எடுத்த வேறொரு படம் இருந்தது. பந்தக்கால் ஓரமாக ஒரு பெண். காமிரா அமுக்குகிற நேரத்தில் யாரோ கூப்பிட்டிருக்க வேண்டும்; முகத்தைத் திருப்பியிருக்கிறாள். மூக்கும் கன்னமும் கலங்கலாக இருந்தன. கையில் பந்தி வாளி மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

அத்தை படத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்கள்.

“அக்காதான். எப்பவும் இப்படித்தான், ஒரு எடத்துல நிக்காது.”

முகம் இதில் சரியாகத் தெரியவில்லை, நான் அழித்த படத்தில் தெளிவாக இருந்திருக்கும். அதை நான் மறக்க முடியாது, மறக்கவும் கூடாது. ஆனால் அன்று சாயங்காலம் அத்தை சொல்லச் சொல்ல, அந்தப் படத்திலிருந்த பதினோரு பேரில் ஒன்பது பேருக்குப் பெயர் எழுதினோம். இரண்டு பேரை அத்தைக்கும் தெரியவில்லை. பந்தக்கால் ஓரத்துப் பெண்ணின் பெயரை என் மகள்தான் எழுதினாள். அந்தப் பெயரை எங்கள் வீட்டில் உரக்கச் சொல்லிக் கேட்டது எனக்கு அதுதான் முதல் தடவை.

இன்று மத்தியானம் வேலை ஒழிந்ததும் பீரோவைத் திறந்து ஒரே ஒரு படத்தை எடுங்கள். வீட்டுப் பெரியவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். “இது யாரு, அத்தை?” என்று கேளுங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கும் எழுதுவீர்கள்தானே?

அடுத்த இதழில் சந்திப்போம்.