ஆட்டத்துக்குக் காசு வாங்குங்கள்... ஆட்டக்காரனை வாங்காதீர்கள்!



ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது, 'நேரம் பொன் போன்றது', 'இளைஞனே, விழித்தெழு!' என்று ஏதாவது எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அதெல்லாம் வருஷா வருஷம் வருகிறது. நாமும் வருஷா வருஷம் விழித்தெழாமல் தூங்குகிறோம்! அதனால் இந்தத் தடவை நம் எல்லோர் சட்டைப் பையிலும் இருக்கிற ஒரு விஷயத்தை எழுதுகிறேன். செல்போன் விளையாட்டு! அதிலும் பத்துப் பேர், நூறு பேர் ஒரே நேரத்தில் சேர்ந்து ஆடுகிற ஆன்லைன் விளையாட்டு.

'விளையாடாதே' என்று புத்தி சொல்ல நான் வரவில்லை. நானும் ஆடுகிறவன்தான். என் கேள்வி வேறு. அந்த விளையாட்டுக்கு நம்மிடம் காசு வாங்குகிறார்களே, அந்த முறை நியாயமா? நியாயமாக வாங்குவது என்றால் எப்படி வாங்குவது?

இந்தக் கேள்வி எனக்கு இரண்டு இடத்தில் வந்தது. முதல் இடம், என் அறை நண்பன்.

அவன் அப்பா நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவர். தேர்வுக் கட்டணத்துக்கும் கைச்செலவுக்கும் என்று 800 ரூபாய் அனுப்பியிருந்தார். அன்றைக்கு ராத்திரி ஒரு துப்பாக்கிக்குத் தங்கக் கலர் வேண்டும் என்று இவன் ஆட்டத்தில் 'பெட்டி' திறக்க ஆரம்பித்தான். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று திறந்தால்தான் தெரியும். கால் மணி நேரத்தில் 800 ரூபாயும் காலி! கிடைத்தது ஒரு பச்சைத் தொப்பியும், நாலு பேருக்கு ஏற்கெனவே இருக்கிற ஒரு சட்டையும்.

"எவன்டா ஏமாத்துனது?" என்று கேட்டேன்.

"யாரும் ஏமாத்தல மாப்ள. நாந்தான் அமுக்குனேன்" என்றான்.

நாங்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கட்டணத்தைக் கட்டிவிட்டோம். ஆனால் "யாரும் ஏமாத்தல" என்று அவன் சொன்னது மட்டும் எனக்கு ஜீரணமாகவில்லை.

இரண்டாவது இடம், எங்கள் புராஜெக்ட். நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஆடுபுலி ஆட்டத்தை ஆன்லைனில் ஆடுகிற மாதிரி செய்துகொண்டிருக்கிறோம். குத்தாலத்தில் இருக்கிறவன் புலி, கோயம்புத்தூரில் இருக்கிறவன் ஆடு! மதிப்பீட்டு நாளில் எங்கள் சார் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "சர்வர் வாடகை யார்ப்பா கொடுப்பா?" எல்லோரும் சிரித்தார்கள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

உண்மைதானே? கேரம் போர்டை ஒரு தடவை வாங்கினால் பத்து வருஷம் ஓடும். ஆன்லைன் ஆட்டம் அப்படியில்லை. சர்வர் இரவும் பகலும் ஓட வேண்டும். கள்ள ஆட்டம் ஆடுகிறவனைப் பிடிக்க வேண்டும். ஆகவே காசு வாங்குவது தப்பே இல்லை. 'எல்லாம் ஓசியில் வேண்டும்' என்று கேட்பதுதான் தப்பு. காசை எதற்கு வாங்குகிறோம் என்பதில்தான் நியாயமும் அநியாயமும் பிரிகின்றன.

இதுவரை உலகம் கண்டுபிடித்த வழிகள் நாலு.

முதல் வழி, மணிக்கணக்கு. வாடகை சைக்கிள் மாதிரி. மயிலாடுதுறை பிரவுசிங் சென்டர் மாதிரி. 1991ல் அமெரிக்காவில் ஏ.ஓ.எல். நிறுவனத்தில் வந்த 'நெவர்விண்டர் நைட்ஸ்' ஆட்டத்துக்கு இப்படித்தான் காசு. ஆடின நேரத்துக்குத்தான் கட்டணம் என்பது கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே யாரால் ஆட முடியும்? அதைவிட ஆபத்து, ஆட்டத்தை எவ்வளவுக்கு எவ்வளவு இழுக்கிறார்களோ அவ்வளவுக்கு அவ்வளவு அவர்களுக்கு லாபம்!

இரண்டாவது, மாதச் சந்தா. 1997ல் 'அல்டிமா ஆன்லைன்' மாதம் 9.95 டாலர் வாங்கியது. 2004ல் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' 14.99 டாலர் வாங்கியது. இதில் எல்லோருக்கும் ஒரே விலை, உள்ளே போனால் எல்லோரும் சமம். குறை என்னவென்றால் வாசலிலேயே ஏழை நின்றுவிடுகிறான்.

மூன்றாவது, ஒரே தடவை விலை. கடையில் சாமான் வாங்குவது மாதிரி. ஆனால் சர்வரை அவர்கள் நிறுத்திவிட்டால்? 2014ல் வந்த 'தி க்ரூ' என்ற கார் பந்தய ஆட்டத்தை விலை கொடுத்து வாங்கினவர்கள் ஏராளம். 2024 மார்ச் 31ல் சர்வரை நிறுத்தினார்கள். வாங்கினவன் கையில் வெறும் உறைதான் மிச்சம்!

நாலாவது, 'இலவசம்'. நம் ஊரில் ஓடுவது இதுதான். ஆட்டம் சும்மா, உள்ளே கடை. தென்கொரிய நிறுவனங்கள் 2000க்குப் பிறகு பரப்பின வழி இது. பையன்கள் எல்லோரும் உள்ளே வந்துவிடுகிறார்கள். பெரும்பாலோர் ஒரு பைசா கொடுப்பதில்லை. கொஞ்சம் பேர் ஏராளமாகக் கொட்டுகிறார்கள். அப்படிக் கொட்டுகிறவர்களுக்கு அந்தத் தொழிலில் வைத்திருக்கிற பேர் என்ன தெரியுமா? 'திமிங்கிலம்'! வாடிக்கையாளனை மீன் பிடிக்கிற கணக்கில் பார்க்கிற வியாபாரம் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அதற்காக நாலாவது வழி முழுக்கக் கெட்டது என்று சொல்ல மாட்டேன். 2021 மே மாதத்திலிருந்து நம் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. டிக்கெட் எடுத்தவரும் எடுக்காதவரும் ஒரே பஸ்ஸில், ஒரே வேகத்தில், ஒரே நேரத்தில் மயிலாடுதுறை போய்ச் சேருகிறார்கள். அதேபோல, பணம் உள்ளவன் கொடுக்கிற காசில் இல்லாதவனும் ஆடுகிறான் என்றால் அது நல்லதுதானே? ஆனால் காசு கொடுத்தவனுக்கு மட்டும் பஸ் வேகமாக ஓடினால்?

இங்கேதான் எங்கள் புராஜெக்ட் குழுவில் ஒரு வேடிக்கை நடந்தது. ஒரு நண்பன் சொன்னான்: "அம்பது ரூபா கொடுத்தா நாலாவது புலி கொடுத்துடலாம்டா! எவனும் தோக்க விரும்ப மாட்டான். அத்தனை பேரும் வாங்குவான்!" விழுந்து விழுந்து சிரித்தோம். மூன்று புலி, பதினைந்து ஆடு என்பதுதான் ஆட்டமே. நாலாவது புலி வந்துவிட்டால் அது ஆடுபுலி ஆட்டமா? சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது. நாம் தினமும் ஆடுகிற சில ஆட்டங்களில் விற்கிறது இந்த நாலாவது புலியைத்தான்! கூடுதல் பலம், கூடுதல் உயிர் என்று பேர் மட்டும் வேறே.

டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தண்ணீர் குறைந்த வருஷத்தில் முறை வைத்துத்தான் பாசனம். 'எனக்குப் பணம் இருக்கிறது, முறை கிடையாது' என்று தலைமடைக்காரன் மதகைத் திறந்துகொண்டால் கடைமடையில் பயிர் என்ன ஆகும்? பலர் சேர்ந்து ஆடுகிற ஆட்டமும் அப்படித்தான். ஒருவன் காசு கொடுத்து வாங்குகிற பலம், இன்னொருவனுடைய தோல்வி. அது அவனுக்கும் கம்பெனிக்கும் இடையில் உள்ள வியாபாரம் மட்டும் இல்லை. காசு கொடுக்காதவன் அங்கே ஓசியில் ஆடுகிறவனும் இல்லை. காசு கொடுத்தவன் சுட்டு விளையாட நிறுத்தி வைத்த பொம்மை!

அடுத்தது அந்த மூடின பெட்டி. கடைமுழுக்குக்கு மயிலாடுதுறை போகிறோம். வளையம் எறிகிற கடை இருக்கும். அங்கேயாவது சோப்பு டப்பா கண்ணுக்குத் தெரிகிறது, எறிகிற கை நம் கை. பெட்டியில் அதுவும் இல்லை. தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டைத் தடை செய்தது 2003 ஜனவரியில். நம்மில் பலர் அப்போது பிறக்கவே இல்லை. சீட்டு போய்விட்டது, பெட்டியாகத் திரும்பி வந்திருக்கிறது!

நான் மட்டும் சொல்லவில்லை. ஜப்பானில் 2012லேயே ஒருவகைப் பெட்டி விற்பனையைத் தடுத்தார்கள். 2018ல் பெல்ஜியம் காசு கொடுத்துத் திறக்கிற பெட்டியைச் சூதாட்டம் என்றே சொல்லிவிட்டது. தென்கொரியாவில் ஒரு பெரிய நிறுவனம், பெட்டியில் நல்ல சாமான் விழுகிற வாய்ப்பை ஆட்டக்காரர்களுக்குச் சொல்லாமல் குறைத்தது என்று 2024 ஜனவரியில் 1,160 கோடி வோன் அபராதம் விதிக்கப்பட்டது. அந்த வருஷம் மார்ச் முதல் அங்கே வாய்ப்பு எவ்வளவு என்று வெளியே எழுதிப் போடுவது சட்டம்.

நம் நாட்டில்? பணம் வைத்து ஆடுகிற ஆட்டங்களைப் பற்றித் தமிழ்நாடு 2022ல் சட்டம் கொண்டுவந்து, அது 2023 ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. 2025ல் வந்த விதிமுறைகள் அந்த ஆட்டங்களுக்கு நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பூட்டுப் போட்டன. அது செல்லும் என்று அந்த வருஷம் ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. ஆகஸ்டில் நாடாளுமன்றம் நாடு முழுவதற்கும் ஒரு சட்டம் நிறைவேற்றியது. பணம் கட்டிப் பணம் ஜெயிக்கிற ஆட்டத்துக்கு அதில் தடை. சாதாரண ஆட்டத்துக்குச் சந்தாவோ ஒரு தடவைக் கட்டணமோ வாங்கலாம், ஆனால் அது பந்தயப் பணமாக இருக்கக் கூடாது என்கிறது. நல்ல கோடுதான். ஆனால் என் நண்பனின் 800 ரூபாய் ரம்மியில் போகவில்லையே! 'இலவச' ஆட்டத்தில்தானே போனது?

"இஷ்டப்பட்டவன் வாங்குறான், உனக்கென்னடா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். இஷ்டம் என்றால் என்ன? விலை தெரிந்து, சாமான் தெரிந்து, யோசிக்க நேரம் இருந்து வாங்கினால் அது இஷ்டம். தோற்ற சூட்டில், ரூபாயை 'வைரம்' என்று பேர் மாற்றி, 60 வைரமாக விற்று 75 வைரத்துக்குச் சாமானை வைத்தால், அது இஷ்டமா, தூண்டிலா? 2022 டிசம்பரில் அமெரிக்க வர்த்தக ஆணையம் 'ஃபோர்ட்நைட்' நிறுவனத்தின் மீது இதுபோன்ற ஒரு புகாரைத்தான் வைத்தது. பட்டன்களைக் குழப்பமாக வைத்து, வேண்டாததை வாங்க வைத்தார்கள் என்பது புகார். ஆட்டக்காரர்களுக்குத் திருப்பித் தர 24.5 கோடி டாலர் கட்ட நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஆக, 'நாந்தான் அமுக்குனேன்' என்பதோடு கதை முடிந்துவிடவில்லை. அந்தப் பட்டனை அங்கே வைத்தது யார் என்றும் கேட்க வேண்டும்.

சரி, குறை சொல்லியாயிற்று. நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்பீர்கள். நாலு பேரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். சர்வர் வாடகை மாதம் 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதச் சந்தா 10 ரூபாய், ஒரு டீ விலை. அதில் 18 சதவீத வரி, ஆப் விற்கிற கடைக்காரர் பங்கு 15 சதவீதம் போனால் கையில் நிற்பது ஏழு ரூபாய் சொச்சம். சுமார் 420 பேர் சேர்ந்தால் வாடகை கட்டிவிடலாம். 420 பேர் பிடிக்கவே முடியாத கூட்டமா?

எங்கள் விதிகள் ஐந்துதான். விலை ரூபாயில்தான் இருக்கும். வைரம், தங்கம் கிடையாது. ஜெயிப்பு விற்பனைக்கு இல்லை. புலிக்குக் கலர் வேண்டுமானால் வாங்கலாம், நாலாவது புலி கிடையாது. மூடின பெட்டி இல்லவே இல்லை. சந்தா கட்டினவன் கூப்பிடுகிற நண்பன் சும்மா ஆடலாம். புலி மட்டும் இருந்து ஆடு இல்லாவிட்டால் ஆட்டம் ஏது? கடைசியாக, சர்வரை நிறுத்துவதாக இருந்தால் மூன்று மாதம் முன்னால் சொல்லிவிட்டு, ஆடாத மாதத்துக் காசைத் திருப்பித் தருவோம்.

இதில் கோடீஸ்வரர் ஆக முடியாது. எங்களுக்கும் தெரிகிறது. நாலாவது புலியை விற்றால் இதைவிடப் பத்து மடங்கு வரும் என்று அந்த நண்பன் இன்னும் முணுமுணுத்துக்கொண்டுதான் இருக்கிறான். அவன் கணக்கில் தப்பு இல்லை. ஆனால் அந்தப் பத்து மடங்கு யார் பையிலிருந்து வரும் என்று கேட்டால் பதில் சொல்ல மாட்டேன் என்கிறான்.

நண்பர்களே! இந்த வருஷம் நம்மில் பலர் டிப்ளமோ முடித்துச் சென்னை, கோவை, பெங்களூரு என்று வேலைக்குப் போகப் போகிறோம். யாராவது ஒருவருக்கு நாளைக்கு ஒரு கம்பெனியில் அந்தப் பெட்டியைச் செய்கிற வேலையே வரலாம். 'எத்தனை தடவைக்கு ஒரு தடவை நல்ல சாமான் விழ வேண்டும்?' என்ற எண்ணை நம் கையே கம்ப்யூட்டரில் தட்டலாம். அப்போது ஒரே ஒரு நிமிஷம் யோசியுங்கள். அந்தப் பக்கம் அமுக்கப் போகிறவன் நம் பக்கத்து அறைப் பையனாக இருப்பான். அவன் அமுக்குவது மூட்டை தூக்கின காசாக இருக்கும்.

என் அறை நண்பன் அந்தப் பரீட்சையை எழுதித் தேறிவிட்டான். இப்போதும் ஆடுகிறான். எங்கள் ஆடுபுலி ஆட்டத்தை முதலில் ஆடிப் பார்த்தவனும் அவன்தான். போனைக் கையில் வாங்கினதும் அவன் கேட்ட முதல் கேள்வி:

"மாப்ள, இதுல பெட்டி இருக்கா?"

"இல்லடா" என்றோம்.

"அப்ப சரி" என்று உட்கார்ந்து, எங்கள் மூன்று புலியையும் கட்டிவிட்டான்!

— மூன்றாமாண்டு கணினிப் பொறியியல் மாணவன்