ராயல் பென்குயினுக்கு என்ன விலை?

"எதுக்கு விலை இருக்கோ அதை யாரும் அழிய விடமாட்டாங்க. சந்தைகிட்ட விட்டுடுங்க, அதுவே பார்த்துக்கும்." சுற்றுச்சூழல் பத்திப் பேச்சு வந்தா எங்க காமர்ஸ் வகுப்புல யாராவது ஒருத்தர் இதைச் சொல்லாம இருக்கமாட்டார். அவங்களுக்காகவே ஒரு பறவையோட கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

ராயல் பென்குயின். உடனே பனிக்கட்டியைக் கற்பனை பண்ணாதீங்க மக்களே! இது முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கிறது ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான மக்குவாரி தீவுலயும் பக்கத்துக் குட்டித் தீவுகள்லயும்தான். டாஸ்மேனியாவுக்கும் அண்டார்டிகாவுக்கும் ஏறக்குறைய நடுவுல, 34 கி.மீ. நீளத் தீவு. மரமே கிடையாது. ஓயாத காற்று, மழை, உயரமான புல். பறவை சுமார் 70 செ.மீ. உயரம். வெள்ளை முகம், தடித்த அலகு, நெற்றியில ஆரம்பிச்சுப் பின்பக்கம் சிலிர்த்து நிக்கிற மஞ்சள் கொண்டை.

இதுக்கும் ஒரு விலை இருந்துச்சு. 19ஆம் நூற்றாண்டுக் கடைசியில ஜோசஃப் ஹாட்ச்னு ஒரு நியூசிலாந்து வியாபாரி, தீவுல நீராவிக் கொதிகலன்களை நிறுத்தி, பென்குயின்களை அடிச்சு உள்ளே போட்டு எண்ணெய் எடுத்தார். ஒரு பறவைக்குச் சுமார் அரை லிட்டர். ஆக, விலை இருந்ததாலதான் அதுங்க செத்துச்சு! உயிரோட நிக்கிற பென்குயினுக்கு எந்த வியாபாரியோட பேரேட்டுலயும் பக்கம் கிடையாது.

நிறுத்தினது யார்? சந்தையா? அண்டார்டிக் ஆய்வாளர் டக்ளஸ் மாசன் மாதிரி ஆட்கள் எதிர்த்துக் குரல் கொடுத்தாங்க. டாஸ்மேனிய அரசு லைசென்சைப் புதுப்பிக்க மறுத்துச்சு. 1920 வாக்கில் தொழில் முடிஞ்சுது. 1933ல் தீவு சரணாலயம் ஆச்சு.

"அதெல்லாம் பழைய கதைப்பா" என்பவர்களுக்கு இன்னொரு கணக்கு. 1870களில் சீல் வேட்டைக்காரங்க சாப்பாட்டுக்காகக் கொண்டுவந்து விட்ட முயல்கள், பெருகிப் பெருகி மலைச்சரிவுகளை மொட்டையடிச்சுது. முயலும் எலியும் ஒழிஞ்சதுன்னு 2014ல் அறிவிக்கறதுக்குள்ள சுமார் இரண்டரைக் கோடி ஆஸ்திரேலிய டாலர் செலவு. கொடுத்தது யார்? வரி கட்டினவங்க. லாபம் பார்த்தவங்க எப்பவோ போய்ச் சேர்ந்துட்டாங்க.

சந்தையைத் திட்டறது என் வேலை இல்லை, நாளைக்கு எனக்குச் சோறு போடப்போறதும் அதுதான். ஆனா அதுக்குத் தெரிஞ்சது விலை மட்டும்தான். எதை விற்கவே கூடாதுன்னு சொல்ல சட்டம் வேணும், அந்தச் சட்டத்தைக் கேட்டு வாங்க மனுஷங்க வேணும். அதையும் சந்தையே பார்த்துக்கும்னு சொல்றவங்க, மக்குவாரியில இன்னும் துருப்பிடிச்சு நிக்கிற அந்தக் கொதிகலன்கள் எதுக்கு வந்துச்சுன்னு முதல்ல சொல்லட்டும்.