கார், பைக், பஸ், ரயில்: 20 கி.மீ. போக எதுக்கு எவ்வளவு எனர்ஜி ஆகுது?

‘இ-ஸ்கூட்டர் வாங்கினா பெட்ரோல் மிச்சம்’ என்கிறார்கள் சிலர். ‘பஸ்ல போனாலே போதுமே’ என்கிறார்கள் வேறு சிலர். இதில் எது சரி? இந்தியா தனக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கும் மேல் இறக்குமதி செய்கிறது. அதனால் இது வீட்டு பட்ஜெட் விஷயம் மட்டும் இல்லை.

தாம்பரம் பக்கமிருந்து சென்னை நகருக்குள் வேலைக்கு வருபவருக்கு, ஒருவழிப் பயணம் 20 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம்.

எப்படி ஒப்பிடுவது?

பெட்ரோலை லிட்டரில் அளக்கிறோம், கரண்ட்டை யூனிட்டில் அளக்கிறோம். எல்லாவற்றையும் யூனிட்டுக்கு மாற்றிவிட்டால் கணக்கு சுலபம். 1 லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 யூனிட் ஆற்றல் இருக்கிறது. டீசலில் சுமார் 10 யூனிட்.

20 கி.மீ.க்கு ஆகும் தோராய செலவு:

• கார் (லிட்டருக்கு 15 கி.மீ.): ஒருவர் மட்டும் போனால் 12 யூனிட். 4 பேர் போனால் தலைக்கு 3.
• பைக் (லிட்டருக்கு 50 கி.மீ.): 3.6 யூனிட். இருவர் போனால் தலைக்கு 1.8.
• இ-ஸ்கூட்டர் (100 கி.மீ.க்கு 3 யூனிட்): 0.6 யூனிட்.
• டீசல் பஸ் (லிட்டருக்கு 4 கி.மீ.): மொத்தம் 50 யூனிட். 50 பேர் இருந்தால் தலைக்கு 1.
• சைக்கிள்: மிதிக்க உடம்பு செலவழிப்பது சுமார் அரை யூனிட்.

அப்போ இ-ஸ்கூட்டர்தான் பெஸ்ட்டா?

இங்கேதான் ஒரு ட்விஸ்ட். அனல் மின் நிலையத்தில் நிலக்கரியின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் கரண்ட்டாக மாறுகிறது. அதைச் சேர்த்தால் 0.6 யூனிட் என்பது கிட்டத்தட்ட 2 யூனிட் ஆகிவிடும். அப்பவும் பெட்ரோல் பைக்கில் சுமார் பாதிதான். காரணம், பெட்ரோல் இன்ஜினில் பெரும்பகுதி ஆற்றல் சூடாகவே வீணாகிறது. மோட்டாரில் அந்த இழப்பு மிகக் குறைவு. காற்றாலை, சோலார் கரண்ட் என்றால் நிலக்கரிக் கணக்கே வராது. ஆனாலும், இன்றைய நிலையில் தனியாகப் போகும் இ-ஸ்கூட்டரை நிறைந்த டீசல் பஸ் முந்திவிடுகிறது.

ரயில் ஏன் ஸ்பெஷல்?

இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் உருளும்போது உராய்வு மிகவும் குறைவு. நவீன மின்சார ரயில்கள் பிரேக் போடும்போது கரண்ட்டைத் திரும்ப மேல்கம்பிக்கே அனுப்புகின்றன. கடற்கரை - தாம்பரம் பாதையில் 1931-லேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கிவிட்டது.

உண்மையில் முடிவு செய்வது எது?

வண்டி இல்லை, அதில் இருக்கும் ஆட்கள்தான். அதே பஸ்ஸில் 5 பேர் மட்டும் இருந்தால் தலைக்கு 10 யூனிட். ஒற்றை ஆள் போகும் காரை நெருங்கிவிடும். பஸ் நேரத்துக்கு வராவிட்டால் மக்கள் பைக்குக்கு மாறுவார்கள். ஆள் குறைந்தால் ட்ரிப்பும் குறையும், காத்திருப்பு இன்னும் நீளும்.

ஆக, புது வண்டி வாங்கும் முன் பார்க்க வேண்டியது மைலேஜ் மட்டும் இல்லை. தினமும் எத்தனை சீட் காலியாகப் போகிறது என்பதையும்தான். அரசு பார்க்க வேண்டியது, பஸ் ஸ்டாப்பில் மக்கள் எத்தனை நிமிஷம் நிற்கிறார்கள் என்பதை.