கடைச் சாவியும் கம்ப்யூட்டர் சாவியும்



இரவு கடையைப் பூட்டிய பிறகு பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் புறப்படுகிறோம். இத்தனை எச்சரிக்கை உள்ள நாம், கம்ப்யூட்டர் என்று வந்துவிட்டால் மட்டும் முன்பின் தெரியாதவரிடம் சாவியைக் கொடுத்துவிடுகிறோம். இது சரிதானா என்பதே நம் கேள்வி.

தருமபுரி நகரில் கடை, ஊருக்கு வெளியே கிடங்கு, பாலக்கோட்டிலோ அரூரிலோ ஒரு கிளை என்று தொழில் செய்கிறவர்கள் நம்மில் உண்டு. கணக்கும் சரக்கிருப்பும் கடைக் கம்ப்யூட்டரில் இருக்கும். கிடங்கிலிருந்து அதைத் திறப்பதற்கு ‘வி.பி.என்.’ இணைப்பு. இணையம் என்ற பொதுச் சாலையில் நமக்கு மட்டும் போட்டுக்கொண்ட பூட்டிய பாதை அது.

அந்தப் பாதை அடைபட்டால் என்ன ஆகிறது? பெங்களூருக்கு எண்ணெய் டின்னும் மிளகாய் மூட்டையும் ஏற்றிய வண்டி கிடங்கு வாசலில் நிற்கிறது. பில் போட்டால்தான் இ-வே பில். 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட வரிச் சரக்கு இ-வே பில் இல்லாமல் மாநில எல்லையைத் தாண்டக் கூடாது. டிரைவர் அவசரப்படுத்துகிறார். யாருக்கோ போன் போடுகிறோம். பாஸ்வேர்டைச் சொல்கிறோம். “ஆன்டிவைரஸை நிறுத்துங்கள், ஃபயர்வாலை எடுங்கள், இலவச வி.பி.என். ஒன்றைப் போடுங்கள்” என்று அவர் சொன்னதையெல்லாம் செய்கிறோம். கதவு திறக்கவில்லை என்பதற்காகச் சுவரை இடிக்கிற வேலை இது! இலவச வி.பி.என். நம்மை வேறு எங்கோ ஒரு ஊர் வழியாக இணையத்துக்கு அனுப்பும். நம் கடைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டு சேர்க்காது.

பழுது எங்கே என்பதை நாமே கண்டுகொள்ளலாம். முதலில், கடையில் கரண்ட் இருக்கிறதா, கம்ப்யூட்டர் ஓடுகிறதா, இரு பக்கமும் இன்டர்நெட் வருகிறதா என்று கேளுங்கள். அடுத்து, கிடங்குக் கம்ப்யூட்டரைச் செல்போன் ஹாட்ஸ்பாட்டில் போட்டுப் பாருங்கள். அதில் இணைப்பு கிடைத்தால் கோளாறு கிடங்கின் லைனிலோ ரவுட்டரிலோதான். கிடைக்காவிட்டால் கம்ப்யூட்டரிலோ கடைப் பக்கமோ தேடவேண்டும்.

திரையில் வரும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் 691 என்றால் பெயரோ பாஸ்வேர்டோ ஏற்கப்படவில்லை. 809 என்றால் கடைப் பக்கத்திலிருந்து பதில் வரவில்லை அல்லது வழியில் ஏதோ தடுக்கிறது. கரண்ட் போய் வந்தபின் 809 வந்தால், கடை ரவுட்டருக்கு இணைய முகவரி மாறியிருக்கலாம். பழைய கம்ப்யூட்டரில் உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டால் தேதி பின்னால் போய்விடும். தேதி தப்பானால் சில வி.பி.என். இணைப்புகள் ஏற்க மறுக்கும். இணைப்பு வந்தும் கணக்கு மட்டும் திறக்கவில்லையா? இரண்டு இடத்து ரவுட்டரும் 192.168.1 என்று ஒரே வரிசை எண்ணில் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

சில நேரம் தவறு நம்முடையதாகவே இருக்காது. 2022 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் அனுப்பிய விண்டோஸ் அப்டேட்டால் பல இடங்களில் வி.பி.என். நின்றது, அதே மாதம் 17-ந் தேதி திருத்தம் வந்தது. 2024 ஏப்ரல் அப்டேட்டிலும் இதே கதை. மே 14-ல்தான் சரியாயிற்று. ஆகவே முந்தின இரவு அப்டேட் ஆனதா என்றும் பாருங்கள்.

“அப்படியானால் அப்டேட்டையே நிறுத்திவிடலாமே” என்பார்கள். கூடாது. 2017 மே மாதம் ‘வான்னாக்ரை’ என்ற வைரஸ் சுமார் 150 நாடுகளில் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டது. அதைத் தடுக்கும் அப்டேட் மார்ச் மாதமே வந்திருந்தது. போடாமல் விட்டவர்கள்தான் மாட்டினார்கள். வி.பி.என். நின்றால் ஒரு நாள் வியாபாரம் தடைப்படும்; கணக்கே பூட்டப்பட்டால் வரவேண்டிய பாக்கி யாரிடம் எவ்வளவு என்பதே தெரியாமல் போகும். விண்டோஸ் 10-க்கு வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது என்பதையும் நினைவில் வையுங்கள்.

நாம் சொல்வது மூன்று. ஒன்று, தனி வரிசை எண் அச்சிட்ட பில் புத்தகம் ஒன்று கிடங்கில் இருக்கட்டும். அந்த எண்ணைக் கொண்டு இ-வே பில்லைச் செல்போனிலேயே எடுத்து வண்டியை அனுப்பலாம். (ஆண்டு விற்றுமுதல் 5 கோடிக்கு மேல் உள்ளவர்கள் வணிகருக்கு விற்கும்போது 2023 ஆகஸ்ட் 1 முதல் மின் விலைப்பட்டியல் கட்டாயம், அவர்களுக்குக் கைப்பில் போதாது.) இரண்டு, வி.பி.என். போட்டுத் தருகிறவரிடம் அமைப்பு விவரங்களைத் தாளில் எழுதி வாங்கி, கல்லாவில் பத்திரப்படுத்துங்கள். வேலை முடிந்து அவர் போனதும் பாஸ்வேர்டை மாற்றுங்கள். மூன்று, தருமபுரி, பாலக்கோடு, அரூர், பென்னாகரம் என ஊருக்கு ஊர் நம் சங்கங்கள் அரைநாள் பயிற்சி நடத்தட்டும். கடை முதலாளி மட்டுமல்ல, பில் போடும் பிள்ளைகளும் வரட்டும்.

எடைக்கல்லைச் சோதிக்கத் தெரிந்த நமக்கு இதுவும் முடியும். பழுதை நாம் கண்டுபிடிப்போம். ரிப்பேரை ஆள் பார்க்கட்டும். சாவி மட்டும் நம் இடுப்பிலேயே இருக்கட்டும்!